தொண்டைக்கட்டு

மொரப்பூருக்குக் கிழக்கே
தண்டவாளம் வளைகிற இடத்தில்
மரவள்ளிக் கொல்லை ஒன்று. அதன் வரப்பில்
ஞாயிறு மாலை நாங்கள் மூவர்.

சென்றாயனுக்குத் தருமபுரி நாலு ரோட்டில் ஜெராக்ஸ் கடை.
பர்வீன் அரூரில் பல் டாக்டரிடம் உதவியாளர்.
வாரம் ஆறு நாளும் டிரில் குடைந்த காது,
ஆனாலும் எங்களில் அதுதான் கூர்மை.
நான் கம்பைநல்லூர் பால் சொசைட்டி.
தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்ப்பதே பிழைப்பு.

விதி ஒன்றுதான்:
வண்டி வருகிற பக்கம் முதுகு காட்டி உட்கார வேண்டும்.
திரும்பிப் பார்த்தால் மூன்று டீக்கும் காசு.

முதலில் மேலே கம்பி சிணுங்கும்.
வரப்பு எறும்புக்குத் தெரிந்த பிறகு
நமக்குத் தெரியும், உட்கார்ந்த இடம் நடுங்கும்.
அப்புறம் மஞ்சள் பலகை தாண்டும் முன்னே
அது வாயைத் திறக்கும்.

"வேப் செவன், ராயபுரம்" என்பான் சென்றாயன்
ஒலி முடிவதற்குள்.
"ரெண்டு சுரமும் ஒட்டிப் பொறந்த மாதிரி வருது பாரு."
"எங்க ஒட்டுது? கீழ்ச்சுரம் அரை நொடி பின்னால.
அரக்கோணம்."
இவர்கள் தீர்ப்புச் சொல்வதற்குள்
கடைசிப் பெட்டியும் போய்விடும்,
புழுதியும் ஒரு பிஸ்கட் உறையும் மட்டும்
இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும்.

சரக்கு வண்டி என்றால் சண்டையில்லை.
காலி அண்டாவுக்குள் தலையை விட்டு
யாரையோ அதட்டுகிற குரல்.
டீசல் எப்போதாவது வரும்.
கல்யாண மண்டபத்தில், மேளம் தொடங்கும் முன்
சீவாளியை வாயில் வைத்துப் பார்க்கிற
அந்த ஒற்றைப் பீ.

ஒன்றுக்கு மட்டும் பந்தயம் கட்டமாட்டோம்.
ஈரோட்டு ஷெட்டின் பழைய வேப் ஃபோர்.
மேல்சுரம் கண்ணாடி.
கீழ்ச்சுரம் ராத்திரி முழுக்க ஊர்ச்சண்டை போட்டு
விடிந்ததும் கூலிக்குக் கிளம்பியவன் தொண்டை.
என்றைக்கு வரும், எந்த வண்டியை இழுத்து வரும், தெரியாது.
கேட்டதும் மூவரும் ஒரே வாயாக,
"தொண்டைக்கட்டு!"
நம்பரை இங்கே எழுதமாட்டேன்.
எழுதினால் அது யாரோ ஒருவருடைய எஞ்சின் ஆகிவிடும்.

ஆடி மாதத்து இரண்டாம் ஞாயிறு.
காற்று கொல்லையைப் புரட்டிக்கொண்டிருந்தது.
ஹாரன் கேட்டது. சுத்தம். கழுவி வைத்த பால் கேன்.
"விஜயவாடா" என்றான் சென்றாயன்.
"அரக்கோணம்" என்றாள் பர்வீன்.
எனக்கு ஏனோ பிடரி குறுகுறுத்தது.
திரும்பிவிட்டேன்.
நெற்றியில் அதே நம்பர்.

ஷெட்டில் எவனோ ஒருத்தன்
ஸ்பானர் எடுத்து, மூடி கழற்றி,
உள்ளே இருக்கும் தகட்டை மாற்றியிருக்கிறான்.
அவன் வேலையைத்தான் அவன் செய்திருக்கிறான்.
"எவன்டா கையை வச்சது?"
ஈரோட்டுக்கே புகார் எழுதுவேன் என்று
சென்றாயன் எழுந்து நின்று கத்தினான்.
என்னவென்று எழுதுவது?
பழுதைச் சரிசெய்துவிட்டீர்கள், ஐயா.

பர்வீன் மண்கட்டியை உடைத்துக்கொண்டே சொன்னாள்:
"பல் கட்டிக்கிட்டுப் போறவங்க
மொத நாள் சொந்தப் பேரையே தப்பாச் சொல்லுவாங்க.
ரசீது போடறப்ப நான் ரெண்டு வாட்டி கேப்பேன்."

என் போனில் பழைய பதிவு இருந்தது, பதினொரு நொடி.
மூன்று தலையும் முட்ட, போட்டுக் கேட்டோம்.
காற்று. காக்கை. பிறகு ஹாரன்.
எங்களின் கூச்சல்.
மறுபடி போட்டோம்.
நாங்கள் சத்தியம் செய்த அளவுக்குக்
கம்மவில்லை அது.
கொஞ்சம்தான். ஒரு சளி பிடித்த அளவு.
"மைக் மட்டம்" என்றான் சென்றாயன்.
யாரும் மறுக்கவில்லை.

டீக்கடையில் நான்தான் கொடுத்தேன்.
நாற்பத்தைந்து ரூபாய், ஒன்று சர்க்கரை இல்லாமல்.
கிளாஸ் பாதி இருக்கையில்
ஸ்டேஷன் பக்கம் ஏதோ ஒன்று நீளமாக ஊதியது.
சென்றாயன் வாயைத் திறந்தான்.
பர்வீன் கையை உயர்த்தினாள்:

இரு. முடியட்டும்.